வாசகர் கேள்வி பதில்: இதழியலோடு குற்றவியலையும் சேர்த்துப் படிக்கலாமா?

சென்ற மாதம் நீதிமன்றச் செய்தி எழுதுவது பற்றி ஒரு வாசகருக்குப் பதில் சொன்னபோது, இதழியலையும் குற்றவியலையும் ஒரே இளநிலைப் பட்டமாகச் சில வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கற்பிக்கின்றன என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்றவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கேள்வி: பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறேன். நீங்கள் குறிப்பிட்ட இணைப்புப் பட்டத்தைப் படிக்க ஆசைப்படுகிறேன். ஆனால் என் மாமா, "ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைக்காதே, ஒன்றைப் படி, உருப்படியாகப் படி" என்கிறார். இவ்விரண்டு துறைகளுக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா, அல்லது மாணவர்களைக் கவர்வதற்காகச் சேர்த்து வைத்திருக்கிறார்களா?
— மாணவி, பட்டர்வொர்த்

பதில்: உங்கள் மாமாவின் கவலை நியாயமானது; அதைப் பிறகு பார்ப்போம். முதலில், குற்றவியல் என்ற சொல் தமிழில் இரண்டு பொருளில் வழங்குவதால் ஏற்படும் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். குற்றவியல் சட்டம், குற்றவியல் வழக்கு என்று சொல்லும்போது அது சட்டத்தைச் சேர்ந்தது; எது குற்றம், அதற்கு என்ன தண்டனை என்று வரையறுப்பது. பல்கலைக்கழகத்தில் தனித் துறையாகக் கற்பிக்கப்படும் குற்றவியலோ சமூகவியலுக்குப் பங்காளி. குற்றம் எந்தச் சூழலில் முளைக்கிறது, எதைக் குற்றம் என்று ஒரு சமூகம் முடிவு செய்கிறது, பிடிபடுகிறவர் யார், பிடிபடாமல் நழுவுகிறவர் யார், சிறைக்குப் போய் வந்தவருக்கு அதன்பின் என்ன நேர்கிறது என்பவையே அத்துறை எழுப்பும் கேள்விகள். ஒரு நல்ல செய்தியாளரும் இவற்றையேதான் கேட்க வேண்டும். கேட்பதில்லை என்பது வேறு விஷயம்.

இத்தொடர்பு இன்று நேற்று உண்டானதன்று. அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நகரங்களையும் குற்றங்களையும் ஆராயும் ஒரு மரபை வளர்த்தவர்களில் முதன்மையானவரான ராபர்ட் பார்க், பேராசிரியராவதற்கு முன்பு பத்தாண்டுக்கும் மேல் பத்திரிகை நிருபராக வேலை பார்த்தவர். நிருபர் தெருத் தெருவாக நடந்து செய்தி சேகரிப்பதைப் போலவே ஆய்வாளரும் நகரத்துக்குள் நடந்து பார்க்க வேண்டும் என்பது அவர் மாணவர்களுக்குக் கொடுத்த பயிற்சி. அந்த மரபில் வந்த கிளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்னும் இருவர் சிகாகோவில் இளைஞர் குற்றங்கள் எந்தெந்தப் பகுதிகளில் மிகுதியாக இருக்கின்றன என்று பல பத்தாண்டுப் பதிவுகளை வைத்து வரைபடமாக்கினார்கள். நகரின் மையத்தை ஒட்டிய ஏழைக் குடியிருப்புகளில் ஒரு காலத்தில் ஓர் இனத்தவர் வாழ்ந்தார்கள்; அவர்கள் வசதி பெற்று வெளியேறியதும் இன்னோர் இனத்தவர் வந்தார்கள்; பிறகு வேறோர் இனத்தவர். குடியிருந்தவர்கள் மாறிக்கொண்டே இருக்க, அப்பகுதியின் குற்ற விகிதம் மட்டும் உயர்ந்தபடியே இருந்தது. வெளியேறிய குடும்பங்களின் பிள்ளைகளிடம் அது குறைந்தது. அப்படியானால் குற்றத்தின் வேர் இனத்தில் இருக்கிறதா, இடத்தில் இருக்கிறதா?

மலேசியத் தமிழர்களாகிய நாம் இதை நிதானித்துப் படிக்க வேண்டும். 2013 ஆகஸ்ட் மாதம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டு, அவற்றின் உறுப்பினர்களில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் இந்தியர் என்று கூறியது. நம் மக்கள்தொகையோ நாட்டில் பத்து விழுக்காட்டைக்கூட எட்டாதது. அந்தச் செய்தி அப்படியே தலைப்புகளில் ஏறியது. அதைப் படித்த நம்மவரில் ஒரு பாதியினர் வெட்கப்பட்டார்கள், மறு பாதியினர் ஆத்திரப்பட்டார்கள். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோது, வெளியேற்றப்பட்ட பால்மரம் (ரப்பர்) வெட்டும் குடும்பங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன, அந்தப் புறம்போக்குக் குடியிருப்புகளிலும் மலிவுவிலை அடுக்ககங்களிலும் பள்ளியும் வேலையும் எவ்வளவு எட்டத்தில் இருந்தன, கும்பல் உறுப்பினர் என்று ஒருவரை எந்த அளவுகோலால் கணக்கெடுத்தார்கள் என்ற கேள்விகளோடு அந்த எண்ணை அணுகிய செய்திகள் மிகக் குறைவு. ஷாவையும் மெக்கேயையும் ஒரு பருவம் படித்த நிருபர் ஒருவர் அன்று ஒரு தமிழ் நாளேட்டில் இருந்திருந்தால், மறுநாளே பத்துக் குடும்பங்களைத் தேடிப் போயிருப்பார் என்று நான் நினைக்கிறேன்.

குற்றச் செய்தி எங்கிருந்து வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் மாவட்டக் காவல்துறைத் தலைவரின் செய்தியாளர் சந்திப்பிலிருந்து வருகிறது. அவர் சொல்வது பொய் என்று நான் கூறவில்லை. அவர் சொல்வது ஒரு தரப்பு. மறு தரப்பு அந்நேரம் தடுப்புக் காவலில் இருக்கும். நான் நிருபராகச் சேர்ந்த புதிதில், பினாங்கில் கைதான ஓர் இளைஞரைப் பற்றிக் காவல்துறை கொடுத்த விவரத்தை வைத்து, "குண்டர் கும்பல் உறுப்பினர் பிடிபட்டார்" என்று முதல் பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். சில மாதங்களில் அவரை நீதிமன்றம் விடுதலை செய்தது. அன்று நான் வேறொரு வழக்கின் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். எங்கள் ஏட்டில் ஒரு வரிகூட வரவில்லை. அவருடைய தாயார் பழைய செய்தித் துண்டை நான்காக மடித்து எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வந்து, "இதே அளவு எழுத்தில் விடுதலையான செய்தியையும் போடுங்கள் ஐயா" என்றார். ஆசிரியர் ஆறாம் பக்கத்தில் நான்கு வரி போட்டார். அந்த அம்மா திரும்பவும் வந்து சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

இப்படிப்பட்ட தவறுக்குக் குற்றவியலில் ஒரு பாடமே இருக்கிறது. 1964-இல் இங்கிலாந்தின் கடற்கரை ஊர்களில் இரண்டு இளைஞர் கூட்டங்களிடையே நிகழ்ந்த கைகலப்புகளைப் பத்திரிகைகள் எவ்வாறு பெரிதாக்கின, அதனால் காவல்துறையும் நீதிபதிகளும் எப்படிக் கடுமையானார்கள், அந்தக் கடுமை அந்த இளைஞர்களை எப்படி மேலும் முரடாக்கியது என்பதை ஸ்டான்லி கோஹன் ஆராய்ந்து 1972-இல் வெளியிட்டார். சமூகப் பீதி என்னும் கருத்து அதிலிருந்துதான் பரவியது. இதழியல் மட்டும் படித்தவர் இதை ஒரு விரிவுரையில் கேட்டுவிட்டு மறந்துவிடலாம். இரண்டையும் படிப்பவர், தாம் எழுதும் தலைப்பும் அக்குற்றத்தின் கதையில் ஒரு பாத்திரம் என்பதை மறக்க முடியாது.

எண்களைப் படிக்கும் திறமையும் அப்படித்தான். நம் நாட்டில் ஆண்டுதோறும் "குற்றக் குறியீடு குறைந்தது" என்று செய்தி வரும். அந்தக் குறியீட்டில் கொலை, கொள்ளை, பாலியல் வன்கொடுமை போன்ற வன்முறைக் குற்றங்களும், திருட்டு, வீடு புகுதல் போன்ற சொத்துக் குற்றங்களும் அடங்கும். வணிகக் குற்றங்கள் தனிக் கணக்கு. தொலைபேசியில் அதிகாரி போல் பேசி ஓய்வூதியப் பணத்தை உருவும் மோசடி அந்தக் குறியீட்டில் சேராது. உங்கள் தாத்தா சேமிப்பை இழந்த அதே ஆண்டில் குற்றம் குறைந்தது என்று நாம் அச்சிடுவோம். இரண்டும் உண்மையாகவே இருக்கும். அதேபோல, குடும்ப வன்முறைப் புகார்கள் கூடினால் வன்முறை கூடியது என்று பொருளா, பெண்கள் துணிந்து காவல் நிலையம் ஏறத் தொடங்கினார்கள் என்று பொருளா? பதிவாகாத குற்றங்களைக் குற்றவியலாளர்கள் இருண்ட எண்ணிக்கை என்பார்கள். அதைத் தெரிந்துகொண்டவர் புள்ளிவிவரச் செய்தியை வேறுவிதமாக எழுதுவார்.

இனி மாமாவின் கவலை. இரண்டும் அரைகுறையாகப் போகும் வாய்ப்பு உண்மையிலேயே உண்டு. இதழியல் கைத்தொழில்; எழுதி, திருத்தப்பட்டு, திட்டு வாங்கித்தான் அது படியும். பாடத்தின் பாதி நேரம் வேறு துறைக்குப் போகும்போது அந்தப் பயிற்சி நேரம் குறையும். ஆகவே பட்டத்தின் பெயரைப் பார்க்காமல் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். செய்தி எழுதும் பட்டறை ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறதா, குற்றவியல் பகுதியில் ஆய்வு முறையும் புள்ளியியலும் கட்டாயமா, இறுதியாண்டு ஆய்வை இரு துறையும் சேர்ந்த தலைப்பில் செய்யலாமா? இம்மூன்றுக்கும் ஆம் என்று பதில் வந்தால் மாமாவிடம் தைரியமாகப் பேசலாம். தொடர் கொலைகாரர்களைப் பற்றிய கவர்ச்சியான பாடங்கள் மட்டும் பட்டியலில் மின்னினால், மாமா சொல்வதே சரி.

கேள்வி: என் மகன் இங்கிலாந்துக்குப் போய் இதைப் படித்தால் அந்நாட்டுச் சட்டத்தைத்தானே கற்பான்? திரும்பி வந்து கோலாலம்பூரில் வேலை செய்ய அது உதவுமா? சில பல்கலைக்கழகங்களில் "இதழியலும் குற்றவியலும்" என்றும், சிலவற்றில் "குற்றவியலுடன் இதழியல்" என்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒன்றா?
— தந்தை, செந்தூல்

பதில்: இரண்டாவது கேள்வி எளிது. "உம்" போட்டு இணைத்திருந்தால் இரு பாடங்களும் ஏறக்குறைய சரிபாதி; "உடன்" என்று இருந்தால் அந்தச் சொல் ஒட்டிய பாடம் துணை, மற்றது முதன்மைப் பாடம். இங்கிலாந்தில் இது ஒரே பட்டமாக மூன்றாண்டில் முடியும், ஸ்காட்லாந்தில் நான்காண்டு. ஆஸ்திரேலியாவில் இரட்டைப் பட்டம் என்று வழங்குவது வேறு ஏற்பாடு: இரண்டு தனிப் பட்டங்களைச் சேர்த்துப் படித்து இரண்டு சான்றிதழ் பெறுவது. படிப்புக் காலம் நீளும், செலவும் நீளும்.

முதல் கேள்விதான் முக்கியமானது. இதை ஆழ்ந்து கேட்ட பெற்றோர் நீங்கள் ஒருவர்தான். ஆம், உங்கள் மகன் அங்கே அந்நாட்டு ஊடகச் சட்டத்தைத்தான் கற்பான். இங்கிலாந்தில் 1951 முதல் செய்தியாளர் பயிற்சிக்குத் தரம் வகுத்துவரும் தேசிய மன்றம் ஒன்று இருக்கிறது. அதன் அங்கீகாரம் பெற்ற படிப்புகளில் ஊடகச் சட்டமும் நீதிமன்றச் செய்தி எழுதுதலும் மிகக் கண்டிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. நிமிடத்துக்கு 100 சொல் வேகத்தில் சுருக்கெழுத்து எழுதுவதையும் அம்மன்றம் நெடுங்காலமாகப் போற்றி வந்திருக்கிறது. இந்த ஒழுக்கம் எங்கே போனாலும் உதவும். ஆனால் அதன் உள்ளடக்கம் அப்படியே இங்கு செல்லாது.

ஓர் எடுத்துக்காட்டு போதும். அங்கே பெருங்குற்ற வழக்குகளை ஜூரிகள் தீர்மானிக்கிறார்கள். பத்திரிகை படித்து ஜூரிகளின் மனம் கோணிவிடக் கூடாது என்ற அச்சத்தின் மீதே அந்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் பெரும்பகுதி நிற்கிறது. மலேசியாவில் 1995-இல் ஜூரி முறை முற்றாக ஒழிக்கப்பட்டது, நீதிபதியே தீர்ப்பளிக்கிறார். இங்கே அவமதிப்புக்கெனத் தனிச் சட்டம் கிடையாது. அரசியலமைப்பின் 126-ஆம் பிரிவு தரும் அதிகாரமும் வழக்குமன்ற மரபுமே அளவுகோல். 2021 பிப்ரவரியில் மலேசியாகினி செய்தித் தளம், தன் வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காகவே அவமதிப்புக் குற்றவாளியெனக் கூட்டரசு நீதிமன்றத்தால் தீர்க்கப்பட்டு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் கட்டியது. லண்டனில் கற்ற பாடத்தை நம்பிக் கோலாலம்பூரில் ஓர் இணையத்தளத்தை நடத்துகிறவர் இங்கேதான் வழுக்கி விழுவார்.

அவன் இங்கு வந்ததும் தானாகப் படித்துக்கொள்ள வேண்டியவை பல. 1984-ஆம் ஆண்டு அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டம், 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம், 1948-ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம், 1998-ஆம் ஆண்டு தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு ஆகியவற்றை அறியாமல் இங்கே யாரும் எழுத முடியாது. குற்றச் செய்தி எழுதுகிறவருக்கு இவற்றோடு 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15-ஆம் பிரிவு மனப்பாடமாக இருக்க வேண்டும்: வழக்கில் தொடர்புடைய சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது, மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பிள்ளையின் பெயரை மறைத்துவிட்டுத் தந்தையின் பெயரையும் தாமான் (குடியிருப்புப் பகுதி) பெயரையும் போடுகிற புத்திசாலித்தனத்தை நம் ஏடுகளிலேயே கண்டிருக்கிறேன். அந்தத் தாமானில் யாருக்கு அந்தப் பிள்ளையைத் தெரியாமல் போகும்?

கேள்வி: இந்தப் பட்டத்தைக் கொண்டு வழக்கறிஞராகலாமா? தடயவியல் நிபுணராகலாமா? தொலைக்காட்சித் தொடர்களில் வருவது போல் குற்றவாளியின் மனத்தைப் படித்துச் சொல்லும் வேலை கிடைக்குமா?
— வாசகர், பிறை

பதில்: வழக்கறிஞராக முடியாது, அதற்குச் சட்டப் பட்டமும், வெளிநாட்டில் படித்தவராயின் பொதுவாக சி.எல்.பி. என்னும் வழக்கறிஞர் தகுதித் தேர்வும் வேண்டும். தடயவியல் அறிவியல் துறை. வேதியியலும் உயிரியலும் படித்தவர்களுக்கானது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் அதைக் கிளந்தானில் உள்ள குபாங் கிரியான் வளாகத்தில் கற்பிக்கிறது. தொலைக்காட்சி வேலை தொலைக்காட்சியிலேயே இருக்கட்டும்.

ஆனாலும் தடயவியல் அறிக்கையைப் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஒரு செய்தியாளருக்கு அறிவு வேண்டும். 2009 ஜனவரியில் சுபாங் ஜெயா வட்டாரக் காவல் நிலையம் ஒன்றில் தடுப்புக் காவலில் இருந்த ஏ. குகன் இறந்தபோது, முதல் சவப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்ததால் மரணம் என்றது. குடும்பத்தார் விடாமல் போராடியதால் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனை, தசைகள் சிதைந்ததன் விளைவாகச் சிறுநீரகங்கள் செயலிழந்தன என்றது. நுரையீரலில் நீர் கோப்பது ஒரு விளைவு. எதனால் கோத்தது என்று கேட்கத் தெரியாத நிருபர் முதல் அறிக்கையோடு வீட்டுக்குப் போயிருப்பார். காவல் மரணங்களையும் மரண விசாரணை நீதிமன்றங்களையும் பின்தொடர்ந்து எழுத நம் சமூகத்துக்கு ஆள் வேண்டும். அதற்கு இந்த இணைப்புப் படிப்பைவிடப் பொருத்தமான அடித்தளம் எனக்குத் தோன்றவில்லை.

கேள்வி: படித்து முடித்தால் வேலை உண்டா? செலவுக்குக் கடன் கிடைக்குமா? உள்நாட்டிலேயே படிக்க வழியில்லையா?
— தாயார், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: உள்ளதைச் சொல்கிறேன். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோனது. எஞ்சியுள்ள தமிழ் நாளேடுகளில் இடமும் குறைவு, சம்பளமும் குறைவு. பெர்னாமா, ஆர்.டி.எம். ஆகியவற்றின் தமிழ்ச் செய்திப் பிரிவுகளும் ஆங்கில, மலாய் இணைய ஏடுகளும் மீதி வாய்ப்புகள். செய்தித் துறையை மட்டுமே நம்பி வெளிநாட்டுக்குப் பெருந்தொகை கட்டி அனுப்புவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

குற்றவியல் பாதி கைகொடுக்கும் இடம் இதுதான். எட்வின் சதர்லேண்ட் என்ற அமெரிக்க அறிஞர் 1939-இல் வெள்ளைச் சட்டைக் குற்றம் என்னும் கருத்தை முன்வைத்து, பதவியில் இருப்பவர் செய்யும் குற்றங்கள் ஏன் காவல் நிலையக் கணக்கில் வருவதில்லை என்று கேட்டார். முன்னாள் பிரதமர் ஒருவர் எஸ்.ஆர்.சி. நிறுவனப் பண வழக்கில் 4 கோடியே 20 லட்சம் ரிங்கிட் தொடர்பில் 2020 ஜூலையில் தண்டிக்கப்பட்ட நாட்டில் அந்தக் கேள்விக்கு விளக்கம் தேவையில்லை. இன்று வங்கிகளிலும் பெரிய நிறுவனங்களிலும் பணமோசடித் தடுப்பு, சட்ட இணக்கம், உள் விசாரணை ஆகிய பிரிவுகள் வளர்ந்திருக்கின்றன. ஆவணங்களைத் துருவி, ஆள்களிடம் பேசி, தெளிவாக அறிக்கை எழுதத் தெரிந்தவர் அங்கே எடுபடுவார். ஊழல் தடுப்பு ஆணையம், சிறைச்சாலைத் துறை, போதைப்பொருள் தடுப்பு முகமை போன்ற அரசுத் துறைகளுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆனால் வெளிநாட்டுப் பட்டமாயின் அது இங்கு அங்கீகரிக்கப்பட்டதா என்பதைக் கல்வித் தகுதிகளை மதிப்பிடும் எம்.கியூ.ஏ. முகமையிடம் முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். முகவர் சொன்னார், கல்விக் கண்காட்சியில் சொன்னார்கள் என்பதெல்லாம் கணக்கில் சேராது.

அரசின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். உள்நாட்டில் படிப்பவர்களுக்கே. முதல் வகுப்பில் தேறினால் நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கிடைக்கலாம் என்பதைப் பிள்ளையின் காதில் போட்டு வையுங்கள். ம.இ.கா.வின் கல்வி அமைப்பான எம்.ஐ.இ.டி. தரும் கல்விக் கடனையும் விசாரித்துப் பார்க்கலாம்.

உள்நாட்டு வழி என்று கேட்டீர்கள். என் மகளாக இருந்தால் நான் இதைத்தான் சொல்லியிருப்பேன்: அரசுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. மூலம் பினாங்கு மிண்டனில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலோ கோலாலம்பூரில் உள்ள மலாயாப் பல்கலைக்கழகத்திலோ தொடர்பியல், ஊடகக் கல்விக்கு இடம் பெற முயன்று, விருப்பப் பாடங்களாகச் சமூகவியலையும் உளவியலையும் எடுத்து, குற்றவியலை முதுநிலையில் படிப்பது. செலவு பலமடங்கு குறையும், உள்நாட்டுச் சட்டமும் உள்நாட்டு நீதிமன்றமும் முதலாண்டிலேயே பழகிவிடும். செய்திகளில் அடிக்கடி கருத்துரைக்கும் குற்றவியலாளர் பி. சுந்தரமூர்த்தி அந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தவர்தான். இத்துறைக்கு நம் ஊரில் ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம். இணைப்புப் பட்டத்தின் பயனில் பெரும்பகுதியை இவ்வழியிலும் பெறலாம். பெயர்தான் சான்றிதழில் இராது.

கேள்வி: பெண்பிள்ளை கொலை, கொள்ளை என்று அலைவது சரிவருமா?
— பாட்டி, ஆயர் ஈத்தாம்

பதில்: அம்மா, நீதிமன்ற வளாகத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களில் மிகத் துல்லியமாகக் குறிப்பெடுத்தவர்கள் பெண்கள். பாதிக்கப்பட்ட பெண்ணும் அவளுடைய தாயும் எங்களிடம் சொல்லாததை அவர்களிடம் சொன்னார்கள். ஆபத்து உண்டு, இரவு நேரத்தில் சம்பவ இடத்துக்குத் தனியாக அனுப்பக் கூடாது என்பது ஆணுக்கும் பொருந்தும் விதி. தூக்கம் கெடுவதும் உண்டு. பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்குகளை வாரக்கணக்கில் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சோறு இறங்காமல் இருந்த நாட்கள் எனக்கும் இருந்தன. பேத்தி அப்படி வந்து உட்கார்ந்தால், வேலையை விடு என்று சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குத் தமிழில் எழுதத்தான் விருப்பம். குற்றச் செய்தித் தமிழில் நீங்கள் காணும் குறை என்ன? பல்கலைக்கழகம் திறக்கும்வரை நான் எதைப் பயிலலாம்?
— மாணவர், கெப்போங்

பதில்: குறை சொல்லச் சொன்னால் எங்கே நிறுத்துவது? முதலாவது, பெயரிடுவதில் அவசரம். கைதானவர் சந்தேக நபர். குற்றப்பத்திரிகை வாசிக்கப்பட்ட பின் குற்றஞ்சாட்டப்பட்டவர். தீர்ப்புக்குப் பிறகே குற்றவாளி. இம்மூன்றையும் ஒரே செய்தியில் மாற்றி மாற்றிப் போடுகிறோம். இரண்டாவது, மலாயிலிருந்தும் ஆங்கிலத்திலிருந்தும் அவசரமாகப் பெயர்த்து, நீதிமன்றம் சொன்னதையே மாற்றிவிடுகிறோம். டி.என்.ஏ.ஏ. (விடுதலைக்கு ஈடாகாத விடுவிப்பு) என்று நீதிமன்றச் சுருக்கத்தில் வழங்கும் ஆணையை "விடுதலை" என்று தலைப்பிடுவது அன்றாடம் நடக்கிறது. அந்த ஆணையில் ஒருவர் அப்போதைக்கு வழக்கிலிருந்து விடுவிக்கப்படுகிறார், அவ்வளவுதான். அரசுத் தரப்பு மீண்டும் அதே குற்றத்தைச் சாட்டலாம். முழு விடுதலை வேறு. ஒரு சொல் பிசகினால் ஒரு குடும்பம் தேங்காய் உடைத்துக் கொண்டாடிவிட்டு, பிறகு நிலைகுலைந்து போகும். தடுப்புக் காவலையும் சிறைத் தண்டனையையும் குழப்புவதும் இப்படித்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117-ஆம் பிரிவின்படி விசாரணைக்காகக் காவலில் வைப்பதை "நான்கு நாள் சிறை" என்று எழுதியதை நானே திருத்தியிருக்கிறேன்.

மூன்றாவது, வாக்குமூலங்களை இலக்கியமாக்குவது. "காமுகன்", "கொடூரன்", "வெறிச்செயல்" ஆகிய சொற்கள் தமிழில் எளிதாக வந்து விழும். இவை நமக்குச் சினத்தைத் தருமே தவிரச் செய்தியைத் தரமாட்டா. நடந்ததை நடந்தபடி, யார் சொன்னார் என்பதோடு எழுதினால் போதும். படிப்பவருக்குக் கோபம் தானாக வரும்.

பயிற்சிக்கு ஒரு வழி சொல்கிறேன். செலவில்லாதது. நம் நீதிமன்றங்கள் சட்டப்படி பொதுமக்களுக்குத் திறந்தவை. மூடிய அறையில் நடக்கும் சிறார் வழக்குகள் போன்றவை விலக்கு. ஒரு வாரநாள் காலையில் நன்றாக உடுத்திக்கொண்டு கோலாலம்பூர் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்குப் போங்கள். பினாங்கில் இருப்பவர்கள் லைட் ஸ்திரீட்டில் உள்ள நீதிமன்றத்துக்குப் போகலாம். மாஜிஸ்திரேட் நீதிமன்றம் ஒன்றில் பின்வரிசையில் அமருங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள், படம் எடுப்பதும் ஒலிப்பதிவு செய்வதும் கூடாது. நீதிபதி வரும்போதும் போகும்போதும் எழுந்து நில்லுங்கள். கையில் ஒரு நோட்டுப் புத்தகம் போதும். முதல் மணி நேரத்தில் யாருடைய பெயர் வாசிக்கப்பட்டது, எந்தப் பிரிவின்கீழ், அவருக்கு வழக்கறிஞர் இருந்தாரா, குற்றச்சாட்டு எந்த மொழியில் விளக்கப்பட்டது, மொழிபெயர்ப்பாளர் தமிழில் எப்படிச் சொன்னார், ஜாமீன் எவ்வளவு, அதைக் கட்ட யார் வந்திருந்தார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் எல்லா நாளேடுகளையும் வாங்கி, நீங்கள் பார்த்த வழக்குகளில் எவை செய்தியாயின, எவை ஆகவில்லை என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

பத்து நாள் இப்படிப் போய்வந்து, அந்த நோட்டுப் புத்தகத்தை இந்த இதழின் முகவரிக்கு அனுப்பி வையுங்கள். சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்புகிறேன்.